பிக் ஃபைவ் பார்த்தாச்சு, கொள்ளிடம் பார்த்தாச்சா?

மசாய் மாராவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி நின்ற ஜீப்புகளை எண்ணினேன். பதினேழு. பதினெட்டாவது என்னுடையது. டிரைவரின் வயர்லெஸ்ஸில் 'சிங்கம்' என்று குரல் வந்ததும் மொத்தக் கூட்டமும் சிறுத்தையை விட்டுவிட்டுப் பறந்தது. நானும்தான். அன்று ராத்திரி நோட்டில் ஐந்துக்கு நான்கு டிக் போட்டேன். காண்டாமிருகம் மட்டும் பாக்கி. ஆபீஸில் டிக்கெட் க்ளோஸ் பண்ணும்போது வருகிற அதே திருப்தி.

சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். இந்த 'பிக் ஃபைவ்' எந்த விஞ்ஞானியும் போட்ட பட்டியல் இல்லை. நடந்துபோய் வேட்டையாட எவை ரொம்ப ஆபத்து என்று வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் போட்ட கணக்கு. துப்பாக்கி போய் லென்ஸ் வந்துவிட்டது, பட்டியல் மாறவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவில், செரெங்கெட்டி 1951இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்களை 1959இல் வெளியேற்றினார்கள். 'மனுஷன் கைபடாத பூமி' என்று நாம் வாய்பிளந்து பார்ப்பது, ஆட்களைக் காலி செய்த வீடு.

"நேர்ல பாத்தாதானே மச்சான் காப்பாத்தணும்னு தோணும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நாம் கட்டும் பணம் காவலர் சம்பளத்துக்கும் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் நேரில் பார்த்த எனக்கு என்ன தோன்றியது? அடுத்து போட்ஸ்வானா போகலாம் என்று தோன்றியது.

ஊருக்கு வந்ததும் மேலூர் சித்தப்பா கேட்டார்: "அவ்ளோ தூரம் போனியே தம்பி, நம்ம கொள்ளிடத்துல நீர்நாய் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. முப்பது வருஷமாக ஸ்ரீரங்கத்துக்காரன் நான்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து ஒரு தீவையே அணைத்துக்கொண்டு ஓடுகிறது. இதைவிடப் பெரிய இயற்கை அதிசயம் வேறென்ன வேண்டும்? நமக்கு அது பாலத்தில் வண்டி ஓட்டும்போது கண்ணில் படுகிற மணல்வெளி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அதே மாதம் முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அளவில்லாமல் மணல் அள்ளியதன் விளைவு இது என்று விவசாயிகள் அப்போதே சொன்னார்கள். நாம் என்ன செய்தோம்? உடைந்த பாலத்தோடு செல்ஃபி எடுத்தோம்.

திருச்சியிலிருந்து சில மணி நேரத்தில் கடவூர். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று நாட்டிலேயே முதல் சரணாலயம். மருந்து, மாந்திரீகம் என்று சொல்லிப் பிடித்துக் கொன்ற பிராணி அது. ராத்திரியில்தான் வெளியே வரும், கைக்குள் அடங்கும், ஜீப்பைத் துரத்தாது, ரீல்ஸுக்கு ஆகாது. அதனால் நம் பட்டியலில் அதற்கு இடமில்லை. உடனே கடவூருக்கு வண்டி கட்டுங்கள் என்று சொல்லவில்லை. பதினெட்டு ஜீப் அங்கேயும் வரிசை கட்டினால் தேவாங்கு செத்தது.

நான் கேட்பது வேறு. மாராவுக்காகப் பத்து நாள் லீவு போட்டோம். கொள்ளிடத்தில் மணல் குவாரி என்று நாளைக்கு ஓர் அறிவிப்பு வந்தால், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க அரைநாள் லீவு போடுவோமா?

நான் போடுவேன். சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை.