ஏட்டில் 48, பரிந்துரையில் 74: இளம் மருத்துவர்களின் மனச்சுமைக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: எம்.பி.பி.எஸ். முடித்து மருத்துவமனைப் பணிக்கு வரும் இளம் மருத்துவர்கள் தங்கள் மனநலத்தைக் காத்துக்கொள்ள யோகா, தியானம், ஆலோசனை எனப் பல வழிகள் கூறப்படுகின்றன. ஆனால், அவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பணியாற்றலாம் என்ற கேள்விக்கு மட்டும் உறுதியான பதில் கிடைப்பதில்லை.

இக்கேள்வியை மீண்டும் எழுப்பியது 2024-இல் வெளியான தேசியப் பணிக்குழுவின் அறிக்கை. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த இக்குழுவுக்கு, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் சுரேஷ் பாடா மத் தலைமை வகித்தார்.

குழுவின் இணையவழி ஆய்வில் 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் பங்கேற்றனர். தற்கொலை எண்ணம் எழுந்ததாகக் கூறியோர் இளநிலையில் 16.2 சதவீதம், முதுநிலையில் 31.2 சதவீதம். ஆனால், மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டதாகக் கூறியோர் இளநிலையில் 27.8 சதவீதம், முதுநிலையில் 15.3 சதவீதம் மட்டுமே.

தாமாக முன்வந்து பதிலளித்தோரின் கணக்கு என்பதால் இதை அனைவருக்கும் பொருத்திப் பார்க்க இயலாது. எனினும், துயரம் கூடுதலாக உள்ள இடத்தில் அது கண்டறியப்படுவது குறைவாக உள்ளது என்பதைப் புறக்கணிக்க முடியாது.

கேட்கத் தயக்கம்

முதுநிலை மாணவர் பெயரளவில்தான் மாணவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரவுப் பணியும் அவசர சிகிச்சையும் பெரும்பாலும் இவர்களை நம்பியே நடக்கின்றன. பணிப் பட்டியலை முடிவு செய்யும் துறையே ஆய்வேட்டையும் தேர்வையும் முடிவு செய்கிறது. எனவே, ஓய்வு கேட்கவே பலர் தயங்குகின்றனர். வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றுவதாக 45 சதவீத முதுநிலை மாணவர்கள் ஆய்வில் கூறினர். வார விடுமுறை கிடைப்பதில்லை என்றனர் பாதிக்கும் மேற்பட்டோர்.

விதிவிலக்கே விதியானது

விதி இல்லாமல் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூனில் பிறப்பித்த உத்தரவு, வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மிகாமல் என்று வரையறுத்தது. ஆனால், பணிச்சுமைக்கேற்ப மருத்துவக் கண்காணிப்பாளர் நேரத்தை முடிவு செய்யலாம் என்ற வாசகமும் அதிலேயே இடம்பெற்றது. 2023 டிசம்பரில் வெளியான முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் 'நியாயமான பணி நேரம்' என்பதோடு நின்றுவிட்டன.

பணிக்குழு பரிந்துரைத்த உச்சவரம்போ 74 மணி நேரம். 32 ஆண்டுகளில் வரம்பு 26 மணி நேரம் உயர்ந்திருக்கிறது. அதுவும் கட்டாயமல்ல, பரிந்துரையே. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனைப் பெண் மருத்துவர் கொலை வழக்கை 2024 ஆகஸ்டில் விசாரித்த உச்ச நீதிமன்றம், 36 மணி நேரப் பணி மனிதத்தன்மையற்றது எனக் கண்டித்தது.

இது மருத்துவர்களின் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1984-இல் லிபி சியோன் என்ற 18 வயது மாணவி நியூயார்க் மருத்துவமனையில் இறந்ததை அடுத்தே, களைப்புற்ற பயிற்சி மருத்துவர்களால் நோயாளிகளுக்கு நேரும் ஆபத்து விவாதமானது. அங்கு 2003 முதல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 முதல் 48 மணி நேரம்.

அரசுகளின் கணக்கு

நேரத்தைக் குறைத்தால் கூடுதல் மருத்துவர்களை நியமிக்க வேண்டும். அதற்கு நிதி வேண்டும். சுகாதாரம் மாநிலப் பட்டியலிலும், மருத்துவக் கல்வி பொதுப் பட்டியலிலும் இருப்பதால் மத்திய, மாநில அரசுகள் ஒன்றையொன்று கைகாட்ட வழியிருக்கிறது. மருத்துவ இடங்களின் எண்ணிக்கையில் முன்வரிசையில் உள்ள கர்நாடகமும் தமிழகமும் இதில் முன்மாதிரியாக நடக்க முடியும்.

நிம்ஹான்ஸை தலைமை மையமாகக் கொண்டு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ மருத்துவ மாணவர்களும் பயன்படுத்த வேண்டும் என்கிறது பணிக்குழு. அது தேவையான உதவியே. ஆனால், உறங்க நேரம் தராத பணிப் பட்டியலை ஆலோசனையால் ஈடுகட்ட முடியாது.

விதிகளை மீறும் கல்லூரிகளின் மாணவர் சேர்க்கை இடங்களைக் குறைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. பணிநேர வரம்பை விதிமுறையில் எண்ணாகவே எழுதி, அதை மீறினாலும் அதே அதிகாரம் பாயும் என்று அறிவித்தால், 1992-இல் தரப்பட்ட வாக்குறுதிக்குப் பொருள் கிடைக்கும்.