அம்மா அப்பாவை மண்டபத்து நாற்காலியில் விட்டுட்டுப் போகாதீங்க



மடப்பள்ளிக்குப் பின்னால இருக்கிற துண்டு நிலத்துக்கு சிமெண்டு போட்டா இன்னும் 6 கார் நிறுத்தலாம்னு ஒரு பேச்சு ஓடுது. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் வெட்டுகிற தொண்டூழியர்களான எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மண் காய்கறித் தோட்டமாகவே இருக்கணும். ஆனால் போன தடவை மாதிரி வேண்டவே வேண்டாம்.

போன தடவை 15 குடும்பம் வந்தது. நாற்று வைத்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். இரண்டே வாரத்தில் தண்ணி ஊத்த ஆள் இல்லை. கத்தரி கருகிப்போச்சு. போட்டுட்டுப் போன வாளிகளில் மழைத்தண்ணி தேங்கி, டிங்கிக் கொசுப் புழு வந்ததுதான் மிச்சம்.

பிழைத்தது ஒரே ஒரு பாத்தி. ஓர் அம்மாவும் அவர் மகனும் வைத்தது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். மகன் லோரி ஓட்டுகிறார். வழக்கமா அம்மாவை மண்டபத்து நாற்காலியில் உட்கார வைத்துட்டு, பூசை முடிந்ததும் வந்து கூட்டிட்டுப் போவார். பாத்தி போட்ட பிறகு அந்த நாற்காலி பின்பக்கம் வந்தது. "டேய், பாத்தியை மிதிக்காதடா, ஓரமா நின்னு கொத்து!" என்று அம்மா போடுகிற சத்தம் மடப்பள்ளி வரைக்கும் கேட்கும். வெண்டை விதையை முதல் நாள் ராத்திரியே ஊற வைக்கணும். பயத்தங்கொடிக்குக் குச்சியை விதைக்கும்போதே ஊன்றிடணும், அப்புறம் ஊன்றினா வேர் அறுந்துபோகும். அசுவினி வந்தா அடுப்புச் சாம்பலைத் தூவணும். இதெல்லாம் எங்களுக்கே அப்போதுதான் தெரியும். நாற்பது வயசைத் தாண்டிய மகனுக்கோ, அம்மாவுக்கு இவ்வளவு தெரியும் என்பதே தெரியாமல் இருந்திருக்கு.

லயத்து வீட்டுக்குப் பின்னால முருங்கை, மரவள்ளி, கீரை என்று வைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவர்கள். தோட்டத்து நிலம் வீடமைப்புக்குப் போனதும் அடுக்குமாடிக்கு வந்தார்கள். இப்போது ஐந்தாவது மாடியில் பூச்சட்டியில் ஒரு கறிவேப்பிலை, அவ்வளவுதான். பிள்ளைகள் அவர்களிடம் கேட்கிறது "மருந்து சாப்பிட்டீங்களா?" என்கிற ஒரே கேள்வி.

அதனால் எங்கள் யோசனை இது. ஒரு பாத்திக்கு ஒரு பெற்றோரும் ஒரு பிள்ளையும் பொறுப்பு. என்ன வைக்கணும், எப்போ வைக்கணும்னு பெரியவர் சொல்லணும். கொத்துறது, தண்ணி ஊத்துறது பிள்ளை வேலை. "பணம் தர்றோம், ஆள் வைச்சுக்குங்க" என்று சொல்ல வராதீங்க. பெற்றோர் இல்லாதவர்கள் மண்டபத்தில் தனியா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரைக் கேட்டுப் பாருங்க. யாரும் மறுக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறோம்.

பசாரில் வாங்கினா மலிவுதானே என்கிறார்கள். மலிவுதான். நம்ம பாத்தியில் விளைகிறது ஒரு வெள்ளிக்கிழமை சாம்பாருக்கே பத்தாது, அதையும் ஒத்துக்கிறோம். கோயிலில் வந்து மண்ணைக் கிளறணுமா என்று முகம் சுளிக்கிறவர்கள் மட்டும் அப்பர் சுவாமி கையில் இருக்கும் உழவாரத்தை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.

வெண்டை விதைத்துக் காய் பறிக்க ஏறக்குறைய 48 நாள், ஒரு மண்டலம். தைப்பூசத்துக்கு அத்தனை நாள் விரதம் பிடிக்கிறோமே! ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, வருஷம் முழுக்க விதைக்கலாம். சாயங்கால மழையில் வேர் அழுகாமல் இருக்கப் பாத்தியை உயர்த்திக் கட்டினாப் போதும். எருவுக்குச் சாமிக்குப் போட்ட மாலைகளே மூட்டை மூட்டையாக் கிடக்கு. நூலையும் பிளாஸ்டிக்கையும் பிரித்தெடுக்கத்தான் கை வேணும்.

சிமெண்டு விஷயம் அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு வருது. அதற்குள் 10 ஜோடியாவது பெயர் கொடுத்தால்தான் நாங்கள் பேச முடியும். வெள்ளிக்கிழமை மடப்பள்ளியில் சொல்லுங்க. மண்வெட்டியும் நாற்காலியும் எங்களிடம் இருக்கு. அம்மா அப்பாவுக்குத் தொப்பி மட்டும் நீங்க கொண்டு வாங்க.