வீட்டுக் கணக்கு: இன்னொரு வேலை எடுத்தா உண்மையில கையில எவ்வளவு?

இந்தப் பக்கத்துக்கு அடிக்கடி வாற கேள்வி ஒன்று: "சம்பளம் காணாது. மேலதிகமா கொஞ்சம் உழைக்க என்ன வழி?" பென்டில் ஹில், வென்ட்வேர்த்வில், டூங்காபி பக்கம் இருக்கிற எந்தக் குடும்பத்திட்டயும் இதே கதைதான். மோட்கேஜ், சைல்ட்கெயார், காருக்கு ரோல், பிள்ளையின்ர நீச்சல் வகுப்பு எல்லாம் போக மாதக் கடைசியில மிச்சம் ஒன்றும் இல்லை.

எங்கட அம்மா அப்பாமார் 83க்குப் பிறகு வந்து, பகல் தொழிற்சாலை, இரவு பெற்றோல் ஸ்டேஷன் என்று ரெண்டு வேலை செய்து இந்தப் பக்கம் வீடு வாங்கினவை. அந்த வீடுகளின்ர விலை இண்டைக்கு பத்து லட்சம் டொலரைத் தாண்டி நிக்குது. அதனால "அவை செய்தவை, நாங்களும் செய்வம்" என்று யோசிக்கிறது இயல்புதான். ஆனா எங்கட கணக்கு அவையின்ர கணக்கு இல்லை. எங்களுக்கு ஹெக்ஸ் கடன் இருக்கு, சைல்ட்கெயார் சப்சிடி இருக்கு. முதலில அதைப் பாப்பம்.

10,000 டொலர் எங்க போகுது?

ஒரு உதாரணம். வருஷம் 90,000 டொலர் சம்பளம், ஹெக்ஸ் கடன் இன்னும் முடியேல்லை, துணைவரும் வேலை, ஒரு பிள்ளை கிழமைக்கு மூண்டு நாள் சைல்ட்கெயார். இவர் சனிக்கிழமைகளில இன்னொரு வேலை செய்து வருஷத்துக்கு 10,000 டொலர் கூட உழைக்கிறார் என்று வைப்பம். 2025-26 விகிதப்படி:

- வருமான வரி 30 வீதம்: 3,000 டொலர்.
- மெடிகெயார் லெவி 2 வீதம்: 200 டொலர்.
- ஹெக்ஸ்: 67,000க்கு மேல உழைக்கிற ஒவ்வொரு டொலருக்கும் 15 சதம். அது 1,500 டொலர்.
- சைல்ட்கெயார் சப்சிடி: குடும்ப வருமானம் ஏறத்தாழ 85,000ஐத் தாண்டினா, ஒவ்வொரு 5,000க்கும் 1 வீதம் குறையும். 10,000க்கு 2 வீதம். நாளுக்கு 150 டொலர், வருஷம் 48 கிழமை என்று பாத்தா கிட்டத்தட்ட 430 டொலர்.

மிச்சம் 4,870 டொலர். மணிக்கு 30 டொலர் வேலை என்றா அது 333 மணித்தியாலம். அதாவது மணிக்கு 14 டொலர் 60 சதம்தான் கையில. ஹெக்ஸுக்குப் போறது வீணான காசு இல்லை, உங்கட கடன்தான் குறையுது. அதைச் சேர்த்தாலும் 19 டொலர்தான்.

இதே 10,000ஐ, வருஷம் 30,000 உழைக்கிற துணைவர் பகுதி நேரமாக் கூட்டி உழைச்சா, வரியும் சப்சிடியும் போக 7,000 டொலருக்கு மேல கையில மிஞ்சும். அவருக்கு வரி 16 வீதப் படியில, ஹெக்ஸ் வெட்டும் இல்லை. அதனால "என்ன வேலை?" என்று கேக்க முதல் "ஆர் செய்யிறது?" என்று கேளுங்கோ. ஒரு எச்சரிக்கை: வேலையை ஒருவர் செய்து, ரசீதை மற்றவரின்ர பேரில போடுறது சரிவராது. ஆர் உண்மையில செய்யினமோ அவையின்ர வருமானம்தான் அது.

எங்கட ஊரில நடக்கிற வழிகள்

*ரோல்ஸ், பட்டிஸ், பலகாரம்.* பிறந்தநாள், சாமத்தியவீடு, கோயில் விசேஷம் என்று எந்த சனிக்கிழமையும் ஆரோ ஒருவருக்கு நூறு ரோல்ஸ் தேவை. வீட்டில சமைச்சு விக்கிறதென்றா முதலில கவுன்சிலுக்கு அறிவிக்க வேணும். பென்டில் ஹில்லில ஒரு பகுதி கம்பர்லண்ட் கவுன்சில், இன்னொரு பகுதி பரமட்டா. உங்கட வீடு எதுக்குள்ள என்று பாருங்கோ. ரெடியாச் சாப்பிடக்கூடிய, பழுதாகக்கூடிய சாப்பாடு என்றா ஃபுட் சேஃப்டி சூப்பர்வைசர் சான்றிதழ் தேவைப்படலாம். நியூ சவுத் வேல்ஸில அது அஞ்சு வருஷத்துக்குச் செல்லும். குளிர் சாப்பாடு 5 பாகைக்குக் கீழ, சூடு 60 பாகைக்கு மேல. எள்ளு, கச்சான், கஜு, பால், முட்டை, கோதுமை, மீன் எதெது இருக்கு என்று வாங்கிறவைக்குச் சொல்ல வேணும். ஒவ்வாமை உள்ள ஒரு பிள்ளைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

விலை போடேக்க நேரத்தையும் போடுங்கோ. நூறு ரோல்ஸ் ஒன்று 2 டொலர் என்றா 200. சாமான் 70, எண்ணெய், காஸ், பெட்டி 20. மிச்சம் 110. ஆறு மணித்தியாலம் நிண்டா மணிக்கு 18 டொலர், அதுவும் வரிக்கு முன்ன. "தெரிஞ்ச ஆக்கள்தானே" என்று ஒன்றரை டொலருக்குக் குடுத்தா மணிக்குப் பத்து டொலர்தான்.

*ரியூஷன்.* கிரவீன் ஹை செலக்டிவ் பள்ளிக்கூடம் பக்கத்தில இருக்கிறதால இங்க கேள்விக்குக் குறைவில்லை. நாலாம் வகுப்பில ஓசி, ஆறாம் வகுப்பில செலக்டிவ் என்று ஒவ்வொரு வருஷமும் புதுசா ஒரு கூட்டம் பெற்றோர் தேடுவினம். சாமானே வேணாம், வாடகை இல்லை, சொந்தப் பிள்ளை வீட்டுக்குள்ளயே இருக்கும். ஆனா வோர்க்கிங் வித் சில்ரன் செக் கட்டாயம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில தொண்டுக்கு எடுத்த இலவச செக் காசு வாங்கிப் படிப்பிக்கக் காணாது. அதைக் கட்டணம் செலுத்தி மாத்த வேணும்.

*மொழிபெயர்ப்பு.* இது எங்களில கனபேர் கண்டுகொள்ளாத வழி. வைத்தியசாலை, நீதிமன்றம், சென்டர்லிங்க் எல்லாத்துக்கும் தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவை. நாட்டி (NAATI என்று ஆங்கிலத்தில எழுதுற நிறுவனம்) சோதனை பாஸ் பண்ண வேணும், மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்க வேணும். தொலைபேசியிலயும் செய்யலாம், பிள்ளை படுத்த பிறகும் செய்யலாம். ஆனா வீட்டில கதைக்கிற தமிழ் மட்டும் காணாது. "சத்திர சிகிச்சை", "பிணை", "சத்தியக் கடதாசி" இதெல்லாம் தெரிய வேணும். சனிக்கிழமை வகுப்பில அழுது அழுது படிச்ச தமிழுக்கு ஒரு விலை இருக்கு என்று பிள்ளையளுக்குக் காட்டவும் இது நல்ல வழி.

*அறை வாடகை.* வெஸ்ட்மீட் வைத்தியசாலைக்கும் பரமட்டா கம்பஸுக்கும் வாறவைக்கு அறை தேவை. வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. அதைவிட முக்கியம், வீட்டின்ர ஒரு பகுதியை வாடகைக்கு விட்டா, பிறகு வீட்டை விக்கேக்க அந்தப் பகுதிக்கு முதலாய வரி விலக்கு முழுசாக் கிடைக்காது. குறுகிய கால வாடகை என்றா மாநிலப் பதிவேட்டில பதியவும் வேணும்.

*ஊபர்.* மற்ற வியாபாரங்களில வருஷம் 75,000 டொலர் வந்தாத்தான் ஜிஎஸ்டி. ஊபர் ஓடினா முதல் டொலரிலயே ஜிஎஸ்டி பதிய வேணும். கார்த் தேய்மானம், இன்ஷூரன்ஸ், பெற்றோல் எல்லாம் கழிச்சுப் பாத்துத்தான் ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ.

மறக்கக்கூடாத நாலு

ஏபிஎன் எடுக்க அரசாங்கத்திட்டக் காசு இல்லை. அதுக்குக் கட்டணம் கேக்கிறவை இடைத்தரகர். ரெண்டாவது வேலையில 18,200 டொலர் வரியில்லாப் படியைத் திரும்பக் கேக்காதேங்கோ, வருஷக் கடைசியில பில் வரும். வாற காசில மூண்டில ஒரு பங்கையாவது வேற கணக்கில போட்டு வையுங்கோ, ஹெக்ஸ் உள்ளவை பாதி. சைல்ட்கெயார் சப்சிடிக்குக் குடுத்த வருமான மதிப்பீட்டை உடனே மாத்துங்கோ, இல்லாட்டி அடுத்த வருஷம் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

"கைக்காசு தானே, ஆருக்குத் தெரியும்" என்ற கதை இனிச் சரிவராது. ஊபர், ஏர்பிஎன்பி மாதிரியான தளங்கள் 2023 ஜூலையில இருந்தும், மற்றத் தளங்கள் 2024 ஜூலையில இருந்தும் வரித் திணைக்களத்துக்கு நேராவே விபரம் குடுக்குதுகள்.

இன்னொன்று. தெரிஞ்ச ஒருவர் கன நாளைக்குப் பிறகு கோல் எடுத்து "கோப்பி குடிப்பம், ஒரு நல்ல பிஸ்னஸ் இருக்கு" என்றா, ஒரு கேள்வி கேளுங்கோ: காசு சாமான் விக்கிறதால வருதா, ஆள் சேக்கிறதால வருதா? ஆள் சேக்கிறதால என்றா அது பிரமிட். ஆஸ்திரேலியாவில சட்ட விரோதம். கோப்பியைக் குடிச்சிட்டு எழும்பி வாங்கோ.

உழைக்காம வாற காசு

600,000 டொலர் வீட்டுக் கடனில வட்டி கால் வீதம் குறைஞ்சா, வருஷத்துக்கு 1,500 டொலர் மிச்சம். அதுக்கு வரியும் இல்லை, ஹெக்ஸும் இல்லை. மேல சொன்ன 90,000 டொலர்க்காரர் அந்த 1,500ஐக் கையில எடுக்க 2,800க்கு மேல உழைக்க வேணும். பாங்குக்குக் கோல் எடுத்து "வேற பாங்கில குறைவாத் தாறாங்கள், நீங்கள் என்ன செய்வீங்கள்?" என்று கேக்க அரை மணித்தியாலம் போதும். சேமிப்புக் கணக்கில கிடக்கிற காசு ஓஃப்செட் கணக்கில கிடந்தாலும் இதே நன்மை.

இதையெல்லாம் கூட்டிக் கழிச்ச பிறகும் இன்னொரு வேலை தேவைப்படுகிற வீடுகள் இருக்கு. அவை செய்யத்தான் வேணும், அதில குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனா எங்களில பலருக்கு சனிக்கிழமை என்றா அப்பா நித்திரை, அம்மா வேலை என்ற ஞாபகம்தான் இருக்கு. அவைக்கு வேற வழி இருக்கேல்லை. எங்களுக்குக் கணக்குப் போட்டுப் பாக்க வசதி இருக்கு. மணிக்கு 14 டொலர் 60 சதத்துக்குத்தான் அந்த சனிக்கிழமை போகுது என்றா, அந்த விலைக்குக் குடுக்கலாமா என்று ரெண்டு பேரும் இருந்து கதையுங்கோ. குடுக்கலாம் என்றா எத்தனை மாசத்துக்கு, எதுக்காக என்றும் முடிவெடுத்து, ஒரு கடதாசியில எழுதி ஃபிரிட்ஜில ஒட்டுங்கோ. இலக்கு முடிஞ்ச அண்டைக்கு வேலையையும் நிப்பாட்டலாம்.

இது பொதுவான தகவல். உங்கட நிலைமைக்கு ஒரு பதிவு பெற்ற வரி முகவரிட்டக் கேட்டுச் செய்யுங்கோ. அடுத்த முறை, சூப்பரனுவேஷனில தொலைஞ்சு கிடக்கிற பழைய கணக்குகளைக் கண்டுபிடிக்கிறது எப்படி என்று பாப்பம்.