அமானிதத்துக்கு ஒரு பிரதி



"ஹஸரத், நானும் இணையத்தளம் செய்யப் பழகலாமா?" என்று கட்டுகஸ்தோட்டை மாணவி ஒருத்தி கேட்டாள்.

தாராளமாகப் பழகலாம். ஆரம்பத்துக்குக் கம்பியூட்டரில் உள்ள நோட்பேடே போதும். தலைப்பு, பந்தி, படம், இணைப்பு ஆகிய நான்குக்குமுரிய எச்.டி.எம்.எல். குறிகளைப் படித்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துகள் குழம்பாதிருக்க யு.டி.எஃப்-8 முறையில் சேமியுங்கள். இன்டர்நெட் இல்லாமலே பிரவுசரில் திறந்து பார்த்துத் திருத்தலாம்.

எதை எழுதுவது? உடதலவின்னை மர்ஹூம் புன்னியாமீன் நம் நாட்டு எழுத்தாளர்களின் விபரங்களைத் தேடித் திரட்டி நூல்களாக்கினார். நீங்கள் உங்கள் உம்மம்மாவிடமிருந்து தொடங்குங்கள். அவர் சொன்ன ஊர்க்கதை, சமையற் பக்குவம் எல்லாம் உங்கள் கையிலுள்ள அமானிதம். ஆனால் வீட்டு விலாசத்தையும் டெலிபோன் இலக்கத்தையும் போடாதீர்கள்.

இன்னொன்று. 1994இல் தோன்றிய ஜியோசிட்டீஸ், ஏராளமானோருக்கு இலவசமாகப் பக்கம் அமைக்க இடம் கொடுத்தது. 2009இல் அமெரிக்காவில் அது மூடப்பட்டது. பிரதி வைக்காத பலரின் உழைப்பும் அதனோடு போயிற்று. இடம் கொடுத்தவர் ஒருநாள் கதவடைக்கலாம். ஆகவே, பக்கத்தை இணையத்தில் ஏற்றும் அன்றே ஒரு பிரதியை பென் டிரைவில் எடுத்து வீட்டு அலுமாரியில் வைத்துவிடுங்கள். உம்மம்மாவிடம் மறுபடி கேட்க எப்போதும் வாய்ப்புக் கிடைக்காது.