மாவேலி வேடம் கலைந்த பிறகு

ஓணம் நெருங்கினால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "இது நம்ம பண்டிகையா, அவங்க பண்டிகையா?" என்பதே அது. பெரியவர்கள் இதை விவாதித்துக் கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் அத்தத்தன்று அடுத்த வீட்டாருடன் பூப்பறிக்கப் போய்விடுகிறார்கள். திருவோணத்தன்று மாவேலி மன்னர் பாதாளத்திலிருந்து வருவார், நம் முற்றத்துப் பூக்களத்தையும் பார்ப்பார் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஒருநாள் கலையும்போது பெற்றோர் மனத்தில் நிகழ்வதைப் பற்றிச் சில கருத்துகளை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் மகளுக்கு எட்டு வயது. சென்ற ஓணத்துக்கு ஓலைக்குடையும் கிரீடமும் பெரிய வயிறுமாக எங்கள் தெருவுக்கு மாவேலி வந்தார். அவர் போனதும் அவள் என் காதருகே வந்து, "அப்பா, அது பால் சொசைட்டி மாமா. கையில வாட்ச் கட்டுன தடம் இருக்கு. தம்பிகிட்ட சொல்லாதீங்க" என்றாள். அழவில்லை. கண்டுபிடித்துவிட்ட பெருமிதம்தான் அவள் முகத்தில் இருந்தது. வருத்தப்பட்டது நான்தான்.

இது எனக்கு மட்டும் உரிய உணர்வல்ல என்பதைப் பின்னர் அறிந்தேன். கிறிஸ்துமஸ் தாத்தாவை நம்பிய 52 பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் பற்றி அமெரிக்காவில் ஆண்டர்சன், பிரென்டிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிள்ளைகள் ஏழு வயதளவில் பெரும்பாலும் தாமாகவே உண்மையைக் கண்டுகொண்டார்கள். அதைப் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே ஏற்றார்கள். துயரப்பட்டவர்கள் பெற்றோரே!

ஏன் இந்தத் துயரம்? நாம் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிய பருவம் முடிகிறது என்பதால்தான். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அது இன்னும் கூடுதலாக வலிக்கிறது. சொந்த ஊரில் கதை சொல்ல ஆச்சியும் தாத்தாவும் இருப்பார்கள். இங்கே அப்பாவும் அம்மாவும் மட்டுமே. நம் சொல் பிள்ளையிடம் செல்லாமல் போனால் நம் மொழியும் செல்லாமல் போய்விடுமோ என்ற அச்சம் அடிமனத்தில் இருக்கிறது.

"அப்படியானால் பொய்க்கதை எதற்கு? முதலிலேயே உண்மையைச் சொல்லலாமே!" என்று சிலர் கேட்பார்கள். கொடுத்த வாக்கைக் காக்க நாட்டையே இழந்த ஓர் அரசன், ஆண்டுக்கொரு முறை தன் மக்களைப் பார்க்க வருகிறான் என்ற கதை குழந்தை மனத்தில் விதைக்கும் நல்லெண்ணம், வேடம் கலைந்த பின்னும் நிற்கும். ஆனால் பிள்ளை நேராகக் கேட்டுவிட்டால் நேராகவே பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. 1897-ல் வர்ஜீனியா என்ற எட்டு வயதுச் சிறுமி நியூயார்க்கின் 'சன்' பத்திரிகைக்கு எழுதி, கிறிஸ்துமஸ் தாத்தா உண்டா என்று கேட்டாள். உண்டு என்று பத்திரிகை எழுதிய தலையங்கம் இன்றும் பாராட்டப்படுகிறது. அது பெரியவர்களின் மனத்துக்கு இதமான பதில். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள் என்றல்லவா அந்தப் பிள்ளை கேட்டாள்?

உண்மையைச் சொன்ன பிறகு அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடக் கூடாது. அதை நிரப்ப நம்மிடம் ஏராளம் உண்டு. சங்க நூலான மதுரைக்காஞ்சி, மதுரையில் ஓண விழா நடந்ததைச் சொல்கிறது. ஞானசம்பந்தர் மயிலாப்பூர்ப் பதிகத்தில் ஓண விழாவைக் குறிப்பிடுகிறார். 1956 நவம்பர் 1-ல் எல்லை வகுத்தபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆயின. ஆயினும் ஓணத்துக்கு இன்றும் தோவாளைச் சந்தையிலிருந்து பூக்கள் எல்லை தாண்டிக் கேரளத்துக்கு வருகின்றன. இதையெல்லாம் கேட்கும் பிள்ளை, "இது யார் பண்டிகை?" என்ற நம் பழைய கேள்விக்குத் தானே விடை சொல்லிவிடும்.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி திருமேனி களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கம்பர் வழிபட்ட திருமேனி என்பது ஐதீகம். அதை மனிதர்கள்தான் கொண்டு போகிறார்கள் என்பது சாலையோரம் விளக்கேற்றி நிற்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் யாரும் விளக்கேற்றாமல் இருப்பதில்லை. நம் பிள்ளைகளும் அந்த வரிசைக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, உண்மையறிந்த பிள்ளையிடம் அடுத்த ஓணத்துக்குப் பூக்களத்தின் பொறுப்பைக் கொடுங்கள். தம்பி தங்கைக்கு மாவேலி கதையை நல்ல தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நாம் சொன்ன கதையை நம்பியதைவிட, அதைத் தன் வாயால் அடுத்தவருக்குச் சொல்லும்போதுதான் பிள்ளை நம் மொழியை அதிகம் கற்கிறது. மனம் சற்றே கனக்கத்தான் செய்யும். கனக்கட்டும், பிள்ளை வளர்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.