திரும்பிப் போவதில் என்ன வெட்கம்?

நாளை மறுநாள் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை. அதனால்தான் பொறுப்பாக உட்கார்ந்து விமானம் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் :-)

ஹாம்பர்க் வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2008 மார்ச் 1, புயல் நாள். தரையிறங்கும்போது பக்கக் காற்றில் லுஃப்தான்சா ஏ320 சாய, இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. விமானி உடனே மேலே ஏற்றி, சுற்றி வந்து பத்திரமாக இறக்கினார். யாருக்கும் காயமில்லை. அவ்வளவு பெரிய விமானத்துக்கே அந்தக் கதி என்றால், ஆளும் எரிபொருளும் சேர்த்தே சுமார் 1,150 கிலோ மட்டும் இருக்கும் செஸ்னா 172 என்ன ஆகும்?

பக்கக் காற்றில் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, நண்டு மாதிரி சாய்வாகத்தான் வர வேண்டும். தரையைத் தொடும் முன் மூக்கைப் பாதைக்கு நேராக்க வேண்டும். சக்கரம் தொட்டதும் வேலை முடிந்தது என்று கையைத் தளர்த்தினால், காற்று ஒரு பக்க இறக்கைக்கு அடியில் புகுந்து தூக்கிவிடும்.

செஸ்னா 172எஸ் கையேட்டில் பக்கக் காற்றுக்கு 15 நாட் (மணிக்கு சுமார் 28 கி.மீ.) என்று இருக்கும். 30 நாட் காற்று 30 டிகிரி சாய்வில் வந்தால் பக்கக் காற்று 15 நாட்தான். அதே காற்று நேர் பக்கவாட்டில் அடித்தால் முழு 30. இந்த 15 சட்ட வரம்பு இல்லை, சோதனையில் செய்து காட்டிய அளவு. "வரம்பு இல்லையே, போகலாம்" என்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: அதைச் செய்து காட்டியவர் சோதனை விமானி. நீங்க யாரு சார்?

என் கருத்து இதுதான். இந்த விபத்துகளில் பாதி காற்று, பாதி "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்ற நினைப்பு. நம்ம பாடத்தில் இதற்குப் பெயர் சங்க் காஸ்ட். கட்டின ஃபீஸ் வீணாகுமே என்று பிடிக்காத கோச்சிங்குக்கு ஒரு வருஷம் போனவன் நான். எனக்குப் போனது பணம் மட்டும்தான்.

திரும்ப மேலே ஏறுவதும் ஆபத்துதானே என்று கேட்கலாம். உண்மைதான். 2016 ஜூன் 9 அன்று ஹூஸ்டன் ஹாபி விமான நிலையத்தில் இறங்க முயன்ற சிர்ரஸ் எஸ்ஆர்20, மறுபடி மேலேறும்போது விழுந்து மூவரும் இறந்தார்கள். போதிய வேகம் வருமுன் ஃபிளாப்பை மடக்கியதைத்தான் விசாரணை முக்கியக் காரணமாகச் சொன்னது. இதில் எனக்குத் தெரிவது, மேலேறுவது தப்பு என்பதல்ல. இறங்குவதைப் பழகுகிற அளவுக்கு, இறங்காமல் திரும்புவதையும் பழக வேண்டும் என்பதுதான். "இவ்வளவு காற்றுக்கு மேல் இறங்க மாட்டேன், வேறு ஓடுபாதைக்குப் போவேன்" என்பதைத் தரையில் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

இறங்காமல் திரும்பியவரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. ஹாம்பர்க்கில் எல்லோரும் வீட்டுக்குப் போனது அதனால்தான்.

சரி, நான் காஸ்ட் அக்கவுண்டிங்கில் தரையிறங்கப் போகிறேன். அங்கேயும் காற்று பலம்தான் :-(