கோளமும் கோழிக்குஞ்சும்

வினாத்தாளில் கோளம் வந்தால் நம்மில் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. சூத்திரங்களை உருப்போட்டே பழகியதுதான் காரணம் என்பேன். சென்ற ஆண்டுத் தேர்வில் புறப்பரப்பைக் கேட்ட வினாவுக்கு நானும் கன அளவின் சூத்திரத்தை எழுதி, மதிப்பெண்ணைக் கோட்டை விட்டேன்.

அந்த விடுமுறையில்தான் எனக்குக் கண் திறந்தது. நாமக்கல்லை அடுத்த எங்கள் ஊரில் கோழிப்பண்ணைகள் ஏராளம். புதுக்குஞ்சுகள் வந்திறங்கினால் சித்திரை மாத இரவிலும் விளக்குப் போட்டுச் சூடேற்றுவார்கள். வளர்ந்த கோழிகளுக்கு அந்தச் சூடு தேவையில்லை. ஏன்? குஞ்சுக்கு இறகு வளராதது ஒரு காரணம். மற்றொன்று கோளக் கணக்கு!

கோழியைக் கோளமென்று கொள்வதா என நகைக்க வேண்டாம். கழுத்தையும் காலையும் மறந்துவிட்டுக் கணக்கைத் தொடங்குவது இயற்பியலின் வழக்கம். உடலில் தங்கும் சூடு கன அளவைப் பொறுத்தது. வெளியேறும் சூடு புறப்பரப்பைப் பொறுத்தது. கோளத்தின் புறப்பரப்பைக் கன அளவால் வகுத்தால், 3-ஐ ஆரத்தால் வகுத்த ஈவு கிடைக்கும். ஆரம் சிறுத்தால் ஈவு பெருகும். 40 கிராம் குஞ்சையும் 1500 கிராம் கோழியையும் ஒப்பிட்டால், ஒவ்வொரு கிராம் உடலுக்கும் குஞ்சுக்கு மும்மடங்குக்கு மேல் தோல் இருக்கிறது. நடுங்காமல் என்ன செய்யும்? அன்று முதல் அவ்விரு சூத்திரங்களும் எனக்கு இடம் மாறியதில்லை. ஒன்று தோல், மற்றொன்று உடல்.

பெரியோர் சொன்னதென்று விதியை அப்படியே ஏற்பதும் ஆபத்துதான். கி.பி. 499-இல் எழுந்த ஆரியபட்டீயம், கோளத்தின் கன அளவைக் காண நடுவட்டப் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொல்கிறது. இது பிழை. 'பை'யின் மதிப்பை 3.1416 என்று கண்ட மேதைக்கே இந்தச் சறுக்கல்! 1150-இல் பாஸ்கரர் தம் லீலாவதியில் சரியான விதியைத் தந்தார்: புறப்பரப்பை விட்டத்தால் பெருக்கி 6-ஆல் வகுக்க வேண்டும்.

நம் விளையாட்டுத் துறையில் எறியும் இரும்புக் குண்டின் ஆரம் 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதல் விதிப்படி அதன் கன அளவு ஏறக்குறைய 1203 கன செ.மீ.; இரண்டாம் விதிப்படி 905. எது சரி? விளிம்புவரை நீர் நிரப்பிய வாளியில் குண்டை மெல்ல இறக்கி, வழியும் நீரை அளந்தால் தெரிந்துவிடும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: கோளப் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்காமல் அந்த வாளியில் தொடங்குங்கள். பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாது என்பீர்கள். ஒரு மணி நேரம் செலவாகும் என்பது உண்மையே. ஆனால் உருப்போட்டவன் சூத்திரத்தை மறந்தால் வெறுந்தாளைத் தந்து வருகிறான். அளந்து பார்த்தவனோ, தன் விடை பொருந்துமா என்று யோசித்துத் திருத்திக் கொள்வான்.

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட நம் வீடுகளில் வசதியில்லை. வாளியும் நீரும் கோழியும் உண்டு. தோழர்களே, அவற்றைக் கொண்டே கணக்கைத் தொடங்குவோம்!